மாகாளிக்கிழங்குக் கொடியை மலைச்சரிவில் வளர்ப்பது: விதையா, தூரா? எப்போது தோண்டலாம்?

சேர்வராயன்_சரிவு:
அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அரை ஏக்கர் சரிவு நிலம். கல் கலந்த செம்மண். மேல் விளிம்பில் சில்வர் ஓக், நடுவில் கிளைரிசிடியா என்ற தழைமர வரிசை, கீழே பெரிய பாறைத்திட்டு. மழை நீர் நிற்காது, கோடையில் பாசனமும் கிடையாது. இதில் ஊறுகாய் போடும் மாகாளிக்கிழங்கு வைக்க எண்ணம். தெரிய வேண்டியவை:
ஒன்று, கடையில் வாங்கும் கிழங்கை நட்டால் முளைக்குமா?
இரண்டு, விதை எப்போது எடுப்பது, எப்படி முளைக்க வைப்பது?
மூன்று, எத்தனை ஆண்டில் தோண்டலாம்? தோண்டினால் கொடி செத்துவிடுமா?
நாலு, "நன்னாரி நாற்று" என்று விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

தாவரக்குறிப்பு:
நாலாவதிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிவாகாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

ஒன்றல்ல. நன்னாரி என்பது ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். மாகாளி என்பது டெகாலெபிஸ் ஹாமில்டோனியை. வைட், ஆர்னாட் என்ற தாவரவியலாளர்கள் 1834இல் விவரித்த இனம். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டின் வேரிலும் ஏறக்குறைய ஒரே மணம். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் நன்னாரி சமவெளி வேலியோரம் முதல் மலை வரை எங்கும் கிடக்கும். மாகாளி தென்னிந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகள், கர்நாடகப் பாறைக்குன்றுகள், மேற்கு மலையின் மழைமறைவுப் பகுதி என்று விட்டுவிட்டு இருக்கும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

இலையை வைத்துப் பிரிப்பது எளிது:

நன்னாரி: கொடி நூல்போல மெல்லியது. இலை குறுகலாகவும் இருக்கும், ஒரே கொடியில் அகலமாகவும் இருக்கும். நடுநரம்பை ஒட்டி வெண்மையான கோடு ஓடும். வேர் பென்சிலைவிட மெல்லியது, கறுத்த பழுப்பு, குறுக்கே வெடிப்பு விழுந்திருக்கும்.

மாகாளி: அடித்தண்டு கட்டையாகி மரத்தில் ஏறும் முரட்டுக்கொடி. எதிரிலை. இலை தடிப்பு, நுனி மழுங்கியோ லேசாகக் குழிந்தோ இருக்கும், வெள்ளைக்கோடு கிடையாது. கணு புடைத்திருக்கும். கிள்ளினால் வெள்ளைப்பால் கொட்டும். பூ சிறியது, வெளிர்மஞ்சள், உள்ளே மயிர் அடர்ந்தது. காய் இரண்டிரண்டாக, மாட்டுக்கொம்பு விரிந்த மாதிரி எதிரெதிர்த் திசையில் நிற்கும். அடியில் விரல் தடிமன் முதல் அதற்கு மேலும் பருத்த கிழங்குகள் கொத்தாக.

மூன்றாவதாக ஒன்று உண்டு, கிரிப்டோலெபிஸ். சில இடங்களில் இதைக் கருநன்னாரி என்ற பெயரில் மருந்துச் சரக்காக விற்பார்கள். இலை மேலே பளபளக்கும், அடி வெளிறியிருக்கும், பக்க நரம்புகள் நெருக்கமாக இணையாக ஓடும். பால் வரும், ஆனால் வேரில் அந்த மணம் வராது. நாற்று வாங்கும்போது வேர்நுனியைத் துளி நசுக்கி முகர்ந்து பாருங்கள். மணம் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.

வேர்க்காரன்:
@சேர்வராயன்_சரிவு, முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: முளைக்காது.

கடைக்கு வருவது வெறும் வேர்க்கிழங்கு. உருளைக்கிழங்கு போல அதில் கண் கிடையாது. முளை வரும் மொட்டு இருப்பது தண்டும் கிழங்கும் சேரும் தூரில். தோண்டுபவர் தூரை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கிழங்கைக் கட்டுகிறார். அதை மண்ணில் வைத்தால் சில வாரம் அப்படியே கிடக்கும், பிறகு அழுகும். எப்போதாவது தூர்த்துணுக்கு ஒட்டிய கிழங்கு வந்தால் துளிர்க்கலாம். அதை நம்பித் தோட்டம் போட முடியாது.

தண்டுக்குச்சியும் இதற்கு ஒத்துவராது. பென்சில் தடிமனில் மூன்று கணுக் குச்சி வெட்டி, பால் வடியும்வரை தண்ணீரில் நிறுத்தி, வேரூக்கி தொட்டு, நிழல்வலைக்குள் பாலித்தீன் மூடி வைத்தாலும் வேர் பிடிப்பது மிகக் குறைவு. இலை துளிர்த்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். குச்சியில் இருந்த சத்தில் துளிர்க்கும். இழுத்துப் பார்த்தால் கீழே வேர் இருக்காது. இந்தச் சிக்கலால்தான் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் திசு வளர்ப்பு முறையை உருவாக்கினார்கள். தோட்டக்காரருக்கு விதைதான் வழி.

விதை பற்றி விரிவாக:

கோடை மழையில் கொடி துளிர்த்து அதையொட்டிப் பூக்கும். பூ ஏராளம், காயாவது கொஞ்சம். அந்தக் காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும். மார்கழிக்கு மேல் மாசிக்குள் பார்க்க வேண்டும். பச்சை மங்கிப் பழுப்பேறும்போது காய்மேல் கொசுவலைத் துணிப்பை கட்டிவிடுங்கள். ஒருபக்கமாக வெடித்துவிட்டால் எருக்கம் விதை போல வெள்ளைப் பஞ்சோடு பறந்துவிடும். பச்சையாகவே பறித்துவந்து வீட்டில் பழுக்க வைக்கும் வேலை வேண்டாம். அந்த விதை சப்பை.

எடுத்த விதையைப் பஞ்சு நீக்கி நிழலில் ஓரிரு நாள் உலர்த்துங்கள். வெயில் கூடாது. வைத்திருந்து விதைக்கும் விதை இது இல்லை. முளைப்புத்திறன் சீக்கிரம் இறங்கும். எடுத்த சில வாரங்களுக்குள் போட்டுவிட வேண்டும். "போன வருட விதை மலிவாகக் கிடைக்கிறது" என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரவு முழுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மிதப்பதை நீக்குங்கள். மண்கலவை: செம்மண் 2, ஆற்றுமணல் 2, நன்கு மக்கிய எரு 1. எரு இதைவிடக் கூடினால் நாற்றழுகல் வரும். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கையாக வைத்து மணல் தூவி மூடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும். பூவாளியால் காலையில் மட்டும் தண்ணீர். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நின்று கழுத்தழுகல் வந்து, நாற்று தரையோடு சாயும்.

பையின் உயரம் முக்கியம். ஆணிவேர் நேரே கீழே இறங்கி அதுவே முதலில் பருக்கும். 15 சென்டிமீட்டர் உயரப் பையில் விட்டால் அடியில் சுருண்டு, அந்தச் சுருளிலேயே பருத்து, பிற்பாடு உடைக்கவே முடியாத முடிச்சாகிவிடும். குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரப் பை. நாலங்குல பிவிசி குழாயை 35 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து, கம்பியால் கட்டி மண் நிரப்பினால் இன்னும் நல்லது. நடும்போது கம்பியை அவிழ்த்தால் வேர் அசையாமல் வரும்.

சேர்வராயன்_சரிவு:
மிக்க நன்றி ஐயா. விதை எங்கே கிடைக்கும்? மேலே காப்புக்காட்டில் கொடி இருக்கிறது, காய் தெரிகிறது.

பாறைக்காடு:
காப்புக்காட்டுக்குள் கை வைக்காதீர்கள். தமிழ்நாட்டு வனச்சட்டம் 1882 இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காய் என்றாலும் காட்டு விளைபொருள்தான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூல் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கும் மரபாகக் காட்டைச் சார்ந்து வாழ்பவருக்கும் கொடுக்கிறது. பட்டா நிலம் வைத்திருப்பவருக்கு அது தானாக வராது. வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், அல்லது உங்கள் ஊர் வன உரிமைக் குழு வழியாகச் சேகரிப்பவரிடம் விலைக்கு வாங்குங்கள். பட்டா நிலத்துப் பாறையோரம் கொடி வைத்திருப்பவர்களும் மலையில் உண்டு. விசாரித்தால் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே கொடியின் காயை முழுதாக அள்ளாதீர்கள். காய் பிடிப்பதே அரிது. பிடித்த காயின் விதை காற்றில் போய்ப் பாறைமேல் விழுகிறது, முளைத்த கன்று அடுத்த கோடையில் காய்கிறது, தப்பியதைத் தரைத்தீ எரிக்கிறது. இத்தனையையும் தாண்டிப் பாறை இடுக்கில் வேர் இறக்கிய ஒன்றைத்தான் கடப்பாரையோடு வந்து பெயர்க்கிறார்கள். காட்டில் இந்தக் கொடி குறைந்ததற்கு வேறு பெரிய மர்மம் இல்லை. கிழங்கை எடுக்கும்போதே செடியும் போகிறது, போன இடத்தில் புதுச்செடி வர வழியில்லை.

மலைச்சரக்கு:
பாறைக்காடு சொல்வதில் பாதிதான் சரி. கொஞ்சம் வேர் விட்டுவைத்தால் காட்டில் திரும்பத் துளிர்க்கிறது. காலங்காலமாகத் தோண்டித்தானே வருகிறார்கள்? ஊறுகாய்க்கு எடுத்ததால் இது அழியவில்லை.

பாறைக்காடு:
ஊறுகாய்க்கு மட்டும் எடுத்த காலத்தைப் பற்றி எனக்கும் புகார் இல்லை. பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள், ஆந்திரத்தில் ஏனாதியர், செஞ்சுக்கள் என்று பழங்குடியினர் எல்லாரும் எடுத்து வந்ததுதான். மாறியது வேறு. நன்னாரி வேர் மெல்லியது. ஒரு கிலோ சேர்க்க ஒரு நாள் வேலை. மாகாளி ஒரு தூரிலேயே கிலோக்கணக்கில் வரும். சர்பத்துக்கும் மருந்துக்கும் "நன்னாரி" என்று எடை போடும்போது மாகாளியைப் போட்டால் கூலி மிச்சம். ஊறுகாய்க்குத் தை, மாசியில் கொஞ்சம் தேவை. சர்பத்துக்கும் சூரணத்துக்கும் ஆண்டு முழுக்கத் தேவை, உலர்ந்த சரக்காக. எடையைக் கூட்ட எதையும் விட்டுவைப்பதில்லை, தூரையும் சேர்த்துக் காயவைக்கிறார்கள். நீங்கள் சொல்லும் "கொஞ்சம் வேர் விட்டுவைத்தால்" என்பது அங்கே நடப்பதில்லை.

மலைச்சரக்கு:
அதை ஒப்புக்கொள்கிறேன். மூட்டையில் பார்த்தாலே தெரியும். நன்னாரி என்று வரும் மூட்டையில் கட்டைவிரல் தடிமனில் வேர் இருந்தால் அது நன்னாரியே இல்லை. உலர்ந்த மாகாளியின் தோல் நீளவாக்கில் சுருங்கும். உடைத்தால் தடித்த சதைப்பட்டை, நடுவே மரக்கட்டை தனித்தனியாகத் தெரியும். நன்னாரியில் பட்டை மெல்லியது, லேசாகச் சுரண்டினாலே கட்டையிலிருந்து கழன்றுவிடும். சூரணமாக்கிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் பொடியாக வாங்காதீர்கள்.

ஆனால் தோட்டத்துக் கிழங்கைப் பற்றி ஒரு குறை. காட்டுக்கிழங்குக்கு இருக்கும் காரமும் மணமும் தோட்டத்ததில் இல்லை. சப்பென்று, தண்ணியாக இருக்கிறது. வாங்குபவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்.

வேர்க்காரன்:
அது கிழங்கின் குற்றமில்லை, தண்ணீர் விட்டவர் குற்றம். சொட்டுநீரும் யூரியாவும் போட்டு ஒன்றரை ஆண்டில் தோண்டினால் நீர்கோத்த கிழங்குதான் வரும். வறண்ட பாறைச் சரிவில் மெதுவாகப் பருக்கும் செடி இது. கோடையில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். அந்த ஓய்வைக் கெடுக்கக் கூடாது.

சேர்வராயன் நண்பருக்கு, உங்கள் நிலத்துக்கு நடவு முறை:

இடம்: பாறைத்திட்டின் மேல்பக்க விளிம்பு முதல் தேர்வு. கிளைரிசிடியா வரிசை இரண்டாவது. சில்வர் ஓக் அடி வேண்டாம். அதன் வேர்ப்பின்னலோடு போட்டி போடவேண்டி வரும், தோண்டவும் முடியாது.

குழி: 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழம். கல்லைப் பொறுக்கி எறிய வேண்டாம். முஷ்டியளவுக் கல்லை மட்டும் எடுத்துவிட்டுச் சிறுகல் கிடக்கட்டும். வடிகாலுக்கு நல்லது. மேல்மண்ணோடு 2 கிலோ மக்கிய எரு, கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. குழிக்குக் குழி 2 மீட்டர். சரிவில் குழியின் கீழ்ப்பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்குங்கள். மண் அரிக்காது, நீரும் தேங்காது.

நாற்று: மாசியில் விதைத்தது ஆடிக்குள் ஐந்து மாதமாகிவிடும். தென்மேற்கு மழை பிடித்ததும் நடுங்கள். அதற்குள் நாற்று ஒரு சாண் வளரவில்லையென்றால் ஐப்பசி வரை பையிலேயே வைத்திருங்கள். சின்ன நாற்றை நட்டால் முதல் கோடையில் போய்விடும்.

முதல் கோடை ஒன்றுக்குத்தான் தண்ணீர் தேவை. பத்து நாளைக்கு ஒருமுறை செடிக்கு 3 லிட்டர், தூரைச் சுற்றிச் சருகு மூடாக்கு. இரண்டாம் கோடையிலிருந்து ஊற்றாதீர்கள். இலை உதிர்ந்ததும் செத்துவிட்டது என்று பிடுங்குபவர்களும் உண்டு. தூரின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், பச்சையும் பாலும் இருந்தால் உயிரோடு இருக்கிறது.

இளஞ்செடிக்கு அரை நிழல், பற்றி ஏறிய பின் வெயில். இரண்டாம் ஆண்டிலிருந்து மழைக்கு முன் கிளைரிசிடியாவைக் கவாத்து செய்து வெளிச்சம் விடுங்கள். முழு நிழலில் கொடி இலையாக நீளும், கிழங்கு இறங்காது.

பூச்சி: துளிரில் அசுவினி, கணுவில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக்கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அடங்கும். பெரிய எதிரி நீர்தேக்கம்தான். இலை மஞ்சளாகி நுனியிலிருந்து தொங்கினால் அது தாகமில்லை, வேரழுகல். தண்ணீர் ஊற்றினால் இன்னும் வேகமாகச் சாகும்.

சேர்வராயன்_சரிவு:
அறுவடை? தோண்டினால் செடி போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

வேர்க்காரன்:
மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மண்வெட்டியைத் தொடாதீர்கள். அதன்பின் இலை உதிரும் பருவத்தில், தையில் தொடங்கலாம். சத்து கிழங்குக்கு இறங்கியிருக்கும் நேரம்.

தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் பள்ளம் எடுங்கள். கடப்பாரையால் நெம்பினால் தூர் கிழியும். சிறு களைக்கொத்தும் கையும் போதும். கிழங்கு தெரிந்ததும் தூரைத் தொட்டு வெட்டாமல் நாலு விரல் விட்டு, கூர்க்கத்தியால் ஒரே வெட்டு. தூருக்கு எதிர்ப்பக்கத்துக் கிழங்குகளைத் தொடவே வேண்டாம். மொத்தத்தில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. பால் வடியும் வெட்டுவாயில் சாம்பல் தடவி ஒரு மணி நேரம் காயவிட்டு, அதே மண்ணைத் தளர்வாக மூடி, மேலே சருகு. உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் வெட்டுவாய் வழியாக அழுகல் ஏறும்.

அடுத்த முறை எதிர்ப்பக்கம், இரண்டு ஆண்டு இடைவெளி விட்டு. இப்படிச் செய்தால் ஒரே தூர் பல சுற்றுக்கு வரும்.

பழைய தூர் பெரிதாகிப் பல தண்டுகள் விட்டிருந்தால் ஒரு தண்டு, அதன் அடிமொட்டு, ஒட்டிய ஒரு கிழங்கு மூன்றும் சேர்ந்து வரும்படி பிரித்து நடலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வராது. உங்கள் முதல் கேள்விக்கு உரிய முழு விடை இதுதான்.

பாறைக்காடு:
இதையே காட்டில் சேகரிப்பவர்களும் செய்ய முடியும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். பள்ளத்தை மூடாமல் விடுவதுதான் அங்கே பெரிய கேடு. திறந்த பள்ளத்தில் மிச்ச வேர் காய்கிறது, மழையில் சரிவு மண் அரிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தோண்டப் போகும் இடத்தில் செங்காந்தளும் இதே புதர்களில் ஏறும். கோடையில் இரண்டுக்கும் இலை இருக்காது. செங்காந்தள் கிழங்கில் உள்ள கோல்சிசின் உயிரைப் பறிக்கும் நஞ்சு. பிரித்தறிவது: காந்தள் கிழங்கு கலப்பை போல இரண்டு கையாக வளைந்திருக்கும், பால் வராது, நன்னாரி மணம் வராது, நடுவே நரம்புக்கட்டை இருக்காது. மாகாளிக்கு மூன்றும் உண்டு. இலை, கொடி பார்க்காமல் வெறும் கிழங்கை வைத்து "இதுவாகத்தான் இருக்கும்" என்று யாரும் வாயில் போட வேண்டாம்.

கும்மோணம்_மாமி:
எல்லாரும் தோண்டறதைப் பத்தியே பேசறேள், போடறதைப் பத்தி ஒருத்தரும் சொல்லலையே! வீட்டுக்குக் கிழங்கு வந்தப்புறம் பாதிப்பேர் கெடுக்கறது அடுக்களையிலதான்.

வாங்கறச்சே: கட்டைவிரல் பருமன், ஒடிச்சா டக்குனு ஒடியணும், உள்ளே வெள்ளையா ஈரமா இருக்கணும். வளைஞ்சு கொடுத்தா வாடிப்போன கிழங்கு, நாரா இருக்கும். ரொம்பத் தடியா இருக்கறதும் வேண்டாம், நடுக்கட்டைதான் ஜாஸ்தி.

ஒரு கிலோ கிழங்குக்கு அளவு: கல்லுப்பு 100 கிராம், மிளகாய்ப்பொடி 75 கிராம், கடுகு வறுக்காமல் வெயில்ல காய வெச்சுப் பொடிச்சது 50 கிராம், மஞ்சள்பொடி ஒரு டீஸ்பூன், எலுமிச்சம்பழம் 6, நன்னாப் புளிச்ச கெட்டித்தயிர் அரை லிட்டர்.

முதல்ல ராத்திரி முழுக்கத் தண்ணீர்ல ஊறப்போடணும். இல்லேன்னா இடுக்கு மண்ணு போகாது, தோலும் வராது. காலம்பற ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலம்பி, கத்தியால தோலைச் சுரண்டணும். நீளவாக்கில கீறி நடுநரம்பை உருவி எறியணும். அந்த நரம்பை விட்டா ஊறுகாய் எத்தனை நாள் ஊறினாலும் தும்புக்கயிறு மாதிரிதான். பல்லுக்குத் தோதா பொடிப்பொடியா நறுக்கி, நறுக்க நறுக்க உப்பு போட்ட மோர்ல போடணும். வெளியில வெச்சா கறுத்துடும்.

அன்னிக்கே தயிரெல்லாம் கலக்கக் கூடாது. நறுக்கினதை எலுமிச்சை சாறு, உப்பு, மஞ்சள்பொடியோட ஜாடியில போட்டு மூணு நாள், தினம் ஒருவாட்டி காஞ்ச கரண்டியால கிளறி வைக்கணும். அப்புறம் மிளகாய்ப்பொடி, கடுகுப்பொடி. தயிரை வேண்டிய அளவுக்கு எடுத்து ஒரு வாரத்துக்கு மட்டும் கலந்துக்கணும். மொத்தத்துக்கும் தயிர் விட்டா மேலே பூஞ்சக்காளான் வரும். தயிர் விடாத அடித்தொக்கு ஃபிரிட்ஜ்ல மாசக்கணக்கில இருக்கும்.

தாளிக்காதேள். எண்ணெய் பட்டா அந்த வாசனை அமுங்கிடும்.

தாவரக்குறிப்பு:
மாமி, அந்த வாசனை மூட்டைப்பூச்சி நாற்றம் என்று ஓடுபவர்களும் இருக்கிறார்களே?

கும்மோணம்_மாமி:
ஓடறவா ஓடட்டும், நமக்கு மிச்சம். மோர்சாதத்துக்கு இதுக்கு மேல ஒண்ணு கிடையாது.

தாவரக்குறிப்பு:
:) அந்த மணத்துக்கு முக்கியக் காரணம் 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. வெனிலாவின் வெனிலினும் இதுவும் ஒரே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால் வெயிலில் காயவைத்தாலும் கொதிக்க வைத்தாலும் பறந்துவிடும். மாமி தாளிக்க வேண்டாம் என்றதற்கும் அதுதான் அடிப்படை. வேரின் சாறு தானியப் பூச்சிகளைக் கொல்கிறது என்பதும் மைசூரு ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

மலைச்சரக்கு:
காயவைப்பது பற்றி: தோல் சீவாமல், கழுவி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, காற்றோட்டமான நிழலில் சாக்கின்மேல் பரப்புங்கள். தினம் புரட்ட வேண்டும். ஒடித்தால் சத்தம் வரும்வரை காய்ந்ததும் காற்றுப் புகாத டப்பா. அரைகுறையாகக் காய்ந்ததைச் சாக்கில் கட்டினால் உள்ளே பூசணம் பிடித்து மணம் முழுக்கப் போய்விடும். சிமெண்டுக் களத்தில் நேரடி வெயில் கூடவே கூடாது.

சர்பத்துக்கு இதைப் போடுபவர்கள் 100 கிராம் உலர்வேரை இடித்து, கொதித்து இறக்கிய ஒரு லிட்டர் வெந்நீரில் போட்டு மூடி இரவு முழுக்க வையுங்கள். வடிகட்டிய நீரில் ஒன்றரை கிலோ சர்க்கரை, சர்க்கரை கரையும்வரை மட்டும் சூடு. வேரைப் போட்டுக் கொதிக்க விட்டால் கசப்புதான் இறங்கும். "நன்னாரி சர்பத்" என்று மட்டும் எழுதி விற்காதீர்கள், மாகாளி சர்பத் என்றே எழுதுங்கள்.

கொல்லிமலை_குடில்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். இதே வேர்மணத்தோடு அகத்தியமலையில் காணிப் பழங்குடியினர் அமிர்தபாலா என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அதையும் இப்படி நடலாமா?

தாவரக்குறிப்பு:
வேண்டாம். அது டெகாலெபிஸ் அராயல்பத்ரா, 1978இல்தான் ஜானகியா என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. கொடியில்லை, பாறைமேல் நிற்கும் புதர். அரச இலை போல இலை. தென் அகத்தியமலைப் பகுதியை விட்டு வேறெங்கும் கிடையாது. ஆனைமலைப் பக்கம் டெகாலெபிஸ் சாலிசிஃபோலியா என்று இன்னொன்று. இரண்டும் மிக மோசமான அழிவின் விளிம்பில் உள்ளவை. அவற்றின் விதையோ வேரோ வியாபாரத்துக்கு வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், வாங்காதீர்கள். கொல்லிமலைக்கு மாகாளியே உள்ளூர்க்கொடி, அதை நடுங்கள்.

கொல்லிமலை_குடில்:
நன்றி. எங்கள் பக்கம் காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி இரண்டும் உண்டு. வேலி எப்படி?

வேர்க்காரன்:
முள்ளம்பன்றிக்குத் தரைக்கு மேல் வேலி மட்டும் போட்டால் அடியில் தோண்டி வரும். குழியைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி, ஒரு அடி ஆழத்துக்குச் சங்கிலிவலையை இறக்கி, கீழ்நுனியை வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள். மொத்த நிலத்துக்கும் செலவு தாங்காது என்றால் குழிகளைப் பாறைப் பிளவுகளோடு ஒட்டிப் போடுங்கள், தோண்டக் கஷ்டமான இடத்தை அவையும் விட்டுவிடும். காட்டுப்பன்றிக்கு எரு வாசம்தான் அழைப்பு. மண்புழு தேடிக் கிளறும். அதனால் நட்ட முதல் ஆண்டுக்குப் பிறகு தூரில் எரு குவிக்காமல் தழை மூடாக்கு மட்டும் போடுங்கள்.

சேர்வராயன்_சரிவு:
பாறைத்திட்டின் மேல்விளிம்பில் 20 குழி, கிளைரிசிடியா வரிசையில் 30 குழி என்று குறித்துக்கொண்டேன். ஐம்பது நாற்றுக்கு எத்தனை விதை போடுவது?

வேர்க்காரன்:
புது விதையாக இருந்தால் 150 போடுங்கள். முளைக்காதது, கழுத்தழுகலில் போவது, ஆடிக்குள் தேறாதது எல்லாம் கழிந்தபின் 60, 70 நிற்க வேண்டும். ஐம்பது போக மிச்சத்தைப் பையிலேயே இன்னொரு ஆண்டு வைத்திருங்கள், முதல் கோடையில் போன குழிகளுக்கு அதே வயது நாற்றை வைக்கலாம். பைக்கு ஒரு விதைதான். இரண்டு போட்டு ஒன்றைப் பிடுங்கினால் வேர் பின்னி இரண்டும் கெடும்.